அந்த மருந்தாலதான் வந்துச்சா?

போன ஐப்பசியில் என் சித்தப்பாவுக்குக் கழுத்தில் நெல்லிக்காய் அளவுக்கு ஒரு கட்டி வந்தது. வலி கிடையாது. ராத்திரியானால் லேசாகக் காய்ச்சல் அடிக்கும், உடம்பு வேர்த்துக் கொட்டும். சளிக்கட்டி, தானாகக் கரைந்துவிடும் என்று ரெண்டு மாதம் ஓட்டினார். பிறகு துளி சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினோம். நிணநீர்ப் புற்று என்று வந்தது. அதிலும் ‘நான்-ஹாட்ஜ்கின்’ என்கிற வகை. நம் உடம்பின் காவல்காரர்களான வெள்ளையணுக்களில் தோன்றுகிற புற்று அது.

மூன்றாவது முறை ஊசி மருந்து ஏற்றிய அன்று ஆஸ்பத்திரியில் நான்தான் துணைக்கு இருந்தேன். சாயந்திரம் மெதுவாகக் கேட்டார்: “ஏங்கண்ணு, நீதான் இதெல்லாம் படிக்கிறவன். நான் அந்தக் களை மருந்து அடிச்சதாலதான் இது வந்துச்சா?”

சித்தப்பா இருபது வருஷத்துக்கு மேல் களைக்கொல்லி அடித்தவர். சொந்தத் தென்னந்தோப்பு மூணு ஏக்கர். அது போக, ஊரில் யார் கூப்பிட்டாலும் டேங்குக்கு இவ்வளவு என்று கூலிக்கும் அடிப்பார். மடித்துக் கட்டிய வேட்டி, வெறுங்கால், முதுகில் ஒழுகுகிற கைத்தெளிப்பான். வாளியில் மருந்தை ஊற்றிக் கையாலேயே கலக்கியதை நானே பார்த்திருக்கிறேன்.

நான் பத்து வருஷமாக நஞ்சில்லா விவசாயம் செய்கிறவன். கூட்டங்களில் மைக்கைப் பிடித்து, “களைக்கொல்லி அடிச்சா கேன்சர் வரும்” என்று ஒரே வரியில் சொல்லிக் கைதட்டல் வாங்கியிருக்கிறேன். ஆனால் அன்றைக்குப் படுக்கையில் கிடந்த மனிதர் நேருக்கு நேர் கேட்டபோது அந்த வரி வாயில் வரவில்லை. “விசாரிச்சுச் சொல்றனுங்க சித்தப்பா” என்று மட்டும் சொன்னேன்.

அப்புறம் கிடைத்ததையெல்லாம் படித்தேன், தெரிந்த மருத்துவர்களிடம் கேட்டேன். ஒரு வேதிப்பொருள் புற்றுநோய் தருமா தராதா என்பதை எப்படிக் கணக்குப் போடுகிறார்கள் என்று எனக்குப் புரிந்த அளவுக்கு இங்கே எழுதுகிறேன். நம்மைப் போன்றவர்களுக்கு இது கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும். தெரியாமல் பேசினால் மருந்துக்கடைக்காரர் கேட்கிற ஒரு கேள்விக்கே நாம் திணறிப்போவோம்.

ஆபத்து வேறு, இடர் வேறு

முதலில் ரெண்டு சொற்களைப் பிரித்துக்கொள்ள வேண்டும்.

தோட்டத்தில் கைப்பிடிச் சுவர் இல்லாத கிணறு ஒன்று இருக்கிறது. அதில் விழுந்தால் உயிர் போகும். இது கிணற்றின் குணம். இதை ஆபத்து என்று வைத்துக்கொள்வோம். ஆனால் யார் விழுவார்கள்? வெளியூரில் இருக்கிறவர் விழமாட்டார். ராத்திரி கரண்ட் வந்ததும் மோட்டார் போட அந்த வரப்பில் நடக்கிறவர் விழ வாய்ப்பு உண்டு. தினமும் நடந்தால் வாய்ப்பு கூடும். இந்த வாய்ப்பின் அளவுதான் இடர்.

வேதிப்பொருளும் இப்படித்தான். ‘இது புற்றுநோயை உண்டாக்கக்கூடியதா?’ என்பது ஆபத்து பற்றிய கேள்வி. ‘இன்னாருக்கு, இவ்வளவு பட்டால், இத்தனை வருஷத்தில் புற்று வர எவ்வளவு வாய்ப்பு?’ என்பது இடர் பற்றிய கேள்வி. உலகத்தில் நடக்கிற பாதிச் சண்டை, ஒருவர் முதல் கேள்விக்குப் பதில் சொல்ல, இன்னொருவர் ரெண்டாவது கேள்விக்குப் பதில் சொல்வதால் வருகிறது.

பட்டியலைப் படிக்கும் விதம்

முதல் கேள்விக்குப் பதில் சொல்கிற முக்கியமான அமைப்பு பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை. உலக நல நிறுவனத்தின் ஒரு பகுதி. 1965-இல் தொடங்கப்பட்டது, பிரான்ஸ் நாட்டு லியோன் நகரில் இருக்கிறது. அது பொருள்களை வகை பிரித்து வைத்திருக்கிறது:

வகை 1: மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்பது உறுதி.
வகை 2ஏ: அநேகமாக உண்டாக்கும்.
வகை 2பி: உண்டாக்கக்கூடும்.
வகை 3: முடிவு சொல்லப் போதுமான ஆதாரம் இல்லை.

நம் தோட்டத்துச் சாமான்கள் எங்கே இருக்கின்றன? 2015-இல் மட்டும் அந்த முகமை பல வேளாண் நஞ்சுகளை ஆராய்ந்தது. லிண்டேன் வகை 1. கிளைபோசேட், மாலத்தியான், டயசினான், டி.டி.டி. நான்கும் 2ஏ. பாரத்தியானும், களைக்கொல்லியான 2,4-டியும் 2பி.

இங்கேதான் நான் வருஷக்கணக்காகத் தப்புப் பண்ணிக்கொண்டிருந்தேன். இந்த வகை எண் நஞ்சின் வீரியத்தைச் சொல்வதில்லை. ஆதாரத்தின் உறுதியைச் சொல்கிறது. வகை 1-இல் புகையிலையும் இருக்கிறது, கல்நாரும் இருக்கிறது, வெயிலும் இருக்கிறது. பதப்படுத்திய இறைச்சியும் இருக்கிறது. எல்லாம் ஒரே அளவு கெடுதல் என்று அர்த்தம் இல்லை. ‘இவை புற்று தரும் என்பதில் சந்தேகம் இல்லை’ என்பது மட்டுமே அர்த்தம்.

கம்பெனிக்காரர்கள் இதையே திருப்பிப் போட்டு நம்மைக் கேலி செய்வார்கள். “கிளைபோசேட் இருக்கிற 2ஏ வகையில் ஆட்டுக்கறியும் இருக்கு, ராத்திரி ஷிஃப்ட் வேலையும் இருக்கு, ரொம்பச் சூடான டீயும் இருக்கு. டீ குடிக்கப் பயப்படறீங்களா?” என்பார்கள். பட்டியலில் அவை இருப்பது நிஜம்தான். ஆனால் வகை எண் வீரியத்தைச் சொல்வதில்லை என்றால், ‘டீ அளவுக்குத்தான் கெடுதல்’ என்ற முடிவுக்கும் அதை வைத்து வர முடியாது. வகை எண்ணை வைத்து நாம் பயமுறுத்தினாலும் தப்பு, அவர்கள் தைரியம் சொன்னாலும் அதே தப்பு.

மூன்று சாட்சிகள்

சரி, ஆதாரம் எங்கிருந்து வருகிறது? பஞ்சாயத்தில் சாட்சி விசாரிப்பதுபோல மூன்று பக்கம் விசாரிக்கிறார்கள்.

முதல் சாட்சி, மனிதர்கள். 1775-இல் லண்டனில் பெர்சிவல் பாட் என்ற அறுவை மருத்துவர், புகைக்கூண்டு சுத்தம் பண்ணுகிற தொழிலாளிகளுக்கு விதைப்பையில் புற்று வருவதைக் கவனித்து எழுதினார். சின்ன வயதிலிருந்தே கரிக்கு நடுவே வேலை செய்தவர்கள் அவர்கள். தொழிலுக்கும் புற்றுக்கும் முடிச்சுப் போட்ட முதல் பதிவுகளில் அது ஒன்று. இந்த வகை ஆய்வில்தான் நம்பிக்கை அதிகம், ஏனென்றால் நேராக மனிதரையே பார்க்கிறோம். ஆனால் குறையும் உண்டு. புற்று ஒரே நாளில் வருவதில்லை. செல்லுக்குள் இருக்கிற டி.என்.ஏ.வில் ஒரு பழுது, பிறகு இன்னொரு பழுது என்று சேர்ந்து சேர்ந்து, பத்து இருபது வருஷம் கழித்து வெளியே தெரியும். கல்நாரால் வரும் புற்று நாற்பது வருஷம் கழித்துக்கூட வருகிறது. அதற்குள் அந்த மனிதர் எத்தனை மருந்தைத் தொட்டார், எத்தனை பீடி பிடித்தார் என்று யாருக்கு ஞாபகம் இருக்கும்?

ரெண்டாவது சாட்சி, விலங்குகள். 1915-இல் ஜப்பானில் யாமகிவா, இச்சிகாவா என்ற ரெண்டு பேர் முயல் காதில் மாதக்கணக்கில் தார் தடவித் தடவிப் புற்றை வரவைத்துக் காட்டினார்கள். இன்று பெரும்பாலும் எலியிலும் சுண்டெலியிலும் செய்கிறார்கள். ஒவ்வொரு அளவுக்கும் 50 ஆண், 50 பெண் என்று வைத்து, எலியின் ஆயுள் முழுக்க, அதாவது ரெண்டு வருஷம் வரை, தீனியில் கலந்து கொடுப்பார்கள். பத்தாயிரம் பேரில் ஒருவருக்குப் புற்று தரக்கூடிய பொருளை 50 எலியில் எப்படிக் கண்டுபிடிப்பது? அதனால் எலி தாங்குகிற மட்டும் அளவைக் கூட்டிக் கொடுக்கிறார்கள். ‘அவ்வளவு மருந்தை எந்த மனுஷன் சாப்பிடுவான்?’ என்று கேட்பவர்கள் இந்தக் காரணத்தைச் சொல்வதில்லை.

மூன்றாவது சாட்சி, செல். கலிபோர்னியாவில் புரூஸ் ஏம்ஸ் என்ற அறிவியலாளர் 1970-களில், நுண்ணுயிரியின் டி.என்.ஏ.வை ஒரு பொருள் மாற்றுகிறதா என்று தட்டில் வைத்தே பார்க்கிற சோதனையைக் கொண்டுவந்தார். ரெண்டு மூணு நாளில் விடை தெரியும், செலவும் குறைவு. ஆனால் தட்டில் நடப்பதெல்லாம் உடம்பில் நடக்கும் என்று சொல்ல முடியாது. நம் ஈரல் சில நஞ்சை முறித்துவிடும். சில பொருளை ஈரலே நஞ்சாக மாற்றிவிடுவதும் உண்டு.

மூன்று சாட்சியும் ஒரே மாதிரி சொன்னால் சந்தேகம் தீர்ந்தது. கிளைபோசேட் விஷயத்தில் முகமை 2015-இல் சொன்னது இது: விலங்குகளில் ஆதாரம் போதுமானது, செல்களில் டி.என்.ஏ.வைப் பழுதாக்குவதற்கு ஆதாரம் வலுவானது. மனிதரில் நான்-ஹாட்ஜ்கின் நிணநீர்ப் புற்றோடு தொடர்பு தெரிகிறது, ஆனால் அந்த ஆதாரம் குறைவானது. ரெண்டு சாட்சி அழுத்திச் சொல்ல, முக்கியமான சாட்சி தயங்குகிறது. அதனால்தான் 2ஏ.

‘இவ்வளவு வரை பரவாயில்லை’ என்ற கணக்கு

இனி ரெண்டாவது கேள்வி, இடர். அரசாங்கங்கள் மருந்துக்கு அனுமதி கொடுப்பது இந்தக் கணக்கை வைத்துத்தான்.

எலிக்குக் கூட்டிக் குறைத்துக் கொடுத்துப் பார்ப்பார்கள். எந்த அளவு வரை எந்தக் கெடுதலும் தெரியவில்லையோ அதைக் குறித்துக்கொள்வார்கள். உதாரணத்துக்கு உடல் எடை ஒரு கிலோவுக்கு தினம் 100 மில்லிகிராம் என்று வைப்போம். எலி வேறு, மனிதன் வேறு என்பதால் அதைப் பத்தால் வகுப்பார்கள். மனிதர்களுக்குள்ளும் குழந்தை, கர்ப்பிணி, நோயாளி என்று வேறுபாடு இருப்பதால் இன்னொரு பத்தால் வகுப்பார்கள். மீதி 1 மில்லிகிராம். அறுபது கிலோ ஆளுக்கு ஒரு நாளைக்கு 60 மில்லிகிராம், பதினைந்து கிலோ குழந்தைக்கு 15 மில்லிகிராம். ஆயுள் முழுக்கத் தினமும் இவ்வளவு உள்ளே போனாலும் பரவாயில்லை என்பது கணக்கு.

டி.என்.ஏ.வை நேரடியாகப் பழுதாக்குகிற பொருளுக்கு இந்தக் கணக்கு செல்லாது. அங்கே ‘இதற்குக் கீழே கெடுதலே இல்லை’ என்று ஒரு கோடு கிழிக்க முடியாது. பாதி அளவு பட்டால் பாதி வாய்ப்பு, நூறில் ஒரு பங்கு பட்டால் நூறில் ஒரு பங்கு வாய்ப்பு என்றுதான் வைத்துக்கொள்கிறார்கள். பிறகு ‘பத்து லட்சம் பேரில் கூடுதலாக ஒருவருக்குப் புற்று வருகிற அளவு’ என்று ஏதாவது ஓர் எல்லையை வைக்கிறார்கள். அந்த ஒருவர் யாராக இருக்கலாம், எத்தனை ஒருவர் வரை சமூகம் தாங்கலாம் என்பதை எலி சொல்லாது. அதை மனிதர்கள் உட்கார்ந்து முடிவு பண்ணுகிறார்கள்.

கிளைபோசேட்டுக்கு முதல் வகைக் கணக்கைத்தான் போட்டிருக்கிறார்கள். ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பும் உலக நல நிறுவனமும் சேர்ந்து நடத்துகிற குழு வைத்த எல்லை, கிலோவுக்கு 1 மில்லிகிராம். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2015-இல் வைத்த எல்லை அதில் பாதி. ஒரே பொருளுக்கு ரெண்டு அமைப்பு போட்ட கணக்கில் ஒரு மடங்கு வித்தியாசம் வருகிறது என்பதைக் கவனியுங்கள்.

இந்தக் கணக்கில் எனக்குத் தெரிகிற ஓட்டைகள் மூன்று. ஒன்று, ஒரு சமயத்தில் ஒரு பொருளைத்தான் பார்க்கிறார்கள். சித்தப்பா ஒரே டேங்கில் ரெண்டு மூணு மருந்தைக் கலந்துதான் அடித்தார். சேரும்போது விளைவு பெருகுவது உண்டு. கல்நாரில் வேலை செய்தவர் புகைபிடிக்கிறவராகவும் இருந்தால் நுரையீரல் புற்று வாய்ப்பு வெறுமனே கூடுவதில்லை, பெருக்கல் கணக்காய் ஏறுகிறது என்று நிரூபித்திருக்கிறார்கள். ரெண்டு, எலிக்குக் கொடுப்பது சுத்தமான மூலப்பொருள். நாம் அடிப்பது கடையில் விற்கிற கலவை. இலையில் ஒட்டுவதற்காகச் சேர்க்கிற சோப்பு மாதிரியான பொருள்களும் அதில் உண்டு. அப்படி ஒன்றை கிளைபோசேட் மருந்தில் சேர்க்கக் கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியம் 2016-இல் தடை செய்தது. மூணு, இது பெரும்பாலும் சாப்பிடுகிறவர் கணக்கு. அடிக்கிறவருக்கு நஞ்சு முக்கியமாகத் தோல் வழியாகப் போகிறது. ‘41 சதவீதம்’ என்று போட்ட புட்டியிலிருந்து ஒரே ஒரு மில்லி கையில் பட்டால், 400 மில்லிகிராமுக்கு மேல் கையில் இருக்கிறது. தோல் அதில் சின்னப் பங்கைத்தான் உள்ளே விடும் என்பதும் உண்மை. வெடிப்பும் புண்ணுமாக இருக்கிற கை இன்னும் கொஞ்சம் கூடுதலாக விடும்.

ஒரே மருந்து, ரெண்டு தீர்ப்பு

2015 மார்ச்சில் முகமை ‘அநேகமாகப் புற்று தரும்’ என்றது. 2016 மே மாதம், மேலே சொன்ன ஐ.நா. கூட்டுக் குழு, ‘உணவு வழியாகச் சேரும் கிளைபோசேட்டால் புற்று இடர் வர வாய்ப்பில்லை’ என்றது. ஐரோப்பிய ஆணையமும் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையும் ‘வாய்ப்பில்லை’ பக்கமே நின்றன. ‘யாராவது ஒருவர் பொய் சொல்கிறார்’ என்றுதான் நானும் முதலில் நினைத்தேன். ஆனால் ரெண்டு தரப்பும் விசாரித்த வழக்கே வேறு.

முகமை கேட்டது ஆபத்தை. மற்றவர்கள் கேட்டது இடரை, அதுவும் பெரும்பாலும் சாப்பிடுகிறவருடைய இடரை. முகமை பார்த்தது பொதுவில் வெளியான ஆய்வுகளை மட்டும். மற்றவர்கள், அனுமதிக்காகக் கம்பெனிகளே செய்து கொடுத்த, வெளியில் வராத ஆய்வுகளையும் எடுத்துக்கொண்டார்கள். முகமை கலவை மருந்தின் ஆய்வுகளையும் பார்த்தது. மற்றவர்கள் மூலப்பொருளுக்கே அதிக இடம் கொடுத்தார்கள்.

அமெரிக்க முகமையின் முடிவு நீதிமன்றம் வரைக்கும் போனது. 2022 ஜூனில் அங்குள்ள மேல்முறையீட்டு நீதிமன்றம், ‘புற்று வாய்ப்பில்லை’ என்ற முடிவுக்குப் போதிய ஆதாரம் காட்டவில்லை என்று அந்தப் பகுதியை ரத்து செய்தது. ‘புற்று தரும்’ என்று நீதிமன்றம் சொல்லவில்லை. ‘தராது என்று நீங்கள் சொன்னது நிரூபணமாகவில்லை’ என்றுதான் சொன்னது. இதைக் கூட்டத்தில் பேசும்போது நாம் கூட்டிச் சொல்லக் கூடாது.

41 சதவீதம் என்றால் எவ்வளவு?

அமெரிக்காவில் அயோவா, வடக்குக் கரோலினா என்ற ரெண்டு மாநிலங்களில் மருந்து அடிப்பவர்களை 1993-இலிருந்து தொடர்ந்து கவனித்து வருகிறார்கள். 2018-இல் வந்த அறிக்கையில் 54,251 பேர். அதில் 44,932 பேர் கிளைபோசேட் அடித்தவர்கள். நிணநீர்ப் புற்று அவர்களுக்குக் கூடுதலாக வந்ததாகத் தெரியவில்லை. நம் கருத்துக்கு இது ஒத்துவராதுதான், அதற்காக மறைக்க முடியுமா?

அடுத்த வருஷம் வேறு ஆய்வாளர்கள், இந்த அறிக்கையையும் மற்ற ஆய்வுகளையும் சேர்த்து, ஒவ்வொன்றிலும் மிக அதிகமாக அடித்தவர்களை மட்டும் எடுத்துப் பார்த்தார்கள். அவர்களுக்கு நான்-ஹாட்ஜ்கின் புற்று வாய்ப்பு 41 சதவீதம் கூடுதல் என்று வந்தது. (இந்த 41-க்கும் புட்டியில் போட்ட 41-க்கும் சம்பந்தமில்லை.)

41 சதவீதம் என்றதும் நூறு பேர் அடித்தால் 41 பேருக்குப் புற்று என்று நினைத்துவிடக் கூடாது. அமெரிக்காவில் இந்தப் புற்று ஆயுளில் நூற்றுக்கு ஏறக்குறைய ரெண்டு பேருக்கு வருகிறது. 41 சதவீதம் கூடினால் அது மூணுக்குச் சற்றுக் குறைவு. அதாவது நூறு பேரில் கூடுதலாக ஒருவர்கூட இல்லை. இப்படிக் கேட்டால் சின்னதாகத் தெரியும். ஆனால் ஒரு மாவட்டத்தில் லட்சம் பேர் வருஷக்கணக்கில் அடித்து, இந்தக் கணக்கும் சரியாக இருந்தால், கூடுதலாக நூற்றுக்கணக்கான குடும்பங்கள். எந்தச் சதவீதத்தைக் கேட்டாலும் ‘எதில் இத்தனை சதவீதம்?’ என்று திருப்பிக் கேளுங்கள்.

எங்க ஊருல மட்டும் ஏன் இத்தனை பேர்?

இந்தக் கேள்வி கேட்காத ஊர் இன்று இல்லை. நம் நாட்டில் ஒன்பது பேரில் ஒருவருக்கு ஆயுளில் எப்போதாவது புற்று வர வாய்ப்பு இருப்பதாகத் தேசியப் புற்றுநோய்ப் பதிவேடு சொல்கிறது. அப்படியென்றால் ஆயிரம் பேர் இருக்கிற ஊரில் பல பேருக்கு வரத்தான் செய்யும். ஒருவருக்கு வாயில், ஒருவருக்கு மார்பில், ஒருவருக்குக் கருப்பை வாயில் என்று வெவ்வேறாக இருந்தால் காரணமும் வெவ்வேறாக இருக்கலாம். ஒரே வகை, அதுவும் அபூர்வமான வகை, ஒரே தெருவில் அல்லது ஒரே தொழில் செய்கிறவர்களுக்கு வந்தால் சந்தேகப்பட வேண்டும். இளவயதுக்காரர்களுக்கு வந்தாலும் அப்படித்தான்.

அப்போது ஒரு நோட்டுப் போடுங்கள். யாருக்கு, எந்த வயதில், எந்த உறுப்பில், எத்தனை வருஷமாக அந்த ஊரில், என்ன தொழில், எந்தத் தண்ணீர், புகை, வெற்றிலை பாக்குப் பழக்கம் உண்டா. இதோடு சுகாதாரத் துறையிடம் போனால் பேச்சு எடுபடும். வெறும் ஆத்திரத்தோடு போனால் ‘பார்க்கிறோம்’ என்று அனுப்பிவிடுவார்கள்.

இந்த நோட்டை நான் முதலில் சித்தப்பாவுக்குத்தான் போட்டேன். அப்போது ஒன்று தெரிந்தது. களைக்கொல்லி வருவதற்கு முன்னால், இளவட்ட வயதில், அவர் பி.ஹெச்.சி. தூளைப் பருத்திக்கும் நெல்லுக்கும் வெறுங்கையால் தூவியிருக்கிறார். சாக்கில் அள்ளிக்கொண்டு போய், காற்றடிக்கிற பக்கம் பார்த்து, விபூதி மாதிரி உடம்பெல்லாம் வெள்ளையாக. அதில் பூச்சியைக் கொல்கிற பகுதிதான் லிண்டேன். முகமை 2015-இல் வகை 1-இல் வைத்ததும், அது தரும் என்று உறுதியாகச் சொன்ன புற்றும் இதே நான்-ஹாட்ஜ்கின் வகைதான். வீட்டில் எல்லோரும் களைக்கொல்லியைத் திட்டிக்கொண்டிருந்தோம். அதைவிட வலுவான ஆதாரம் உள்ள ஒன்றை யாருக்கும் ஞாபகமே இல்லை.

நம்ம வீட்டுக் கணக்கு

இயற்கை என்றால் கெடுதலே கிடையாது என்று நம்மில் சிலர் பேசுகிறோம். அதுவும் ஆதாரம் இல்லாத பேச்சு. சரியாகக் காயாத நிலக்கடலையிலும் மக்காச்சோளத்திலும் வருகிற பூஞ்சணம் அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சை உண்டாக்குகிறது. ஈரலில் புற்று தருகிற அது வகை 1. எந்தக் கம்பெனியும் செய்யாதது, நம் களத்திலேயே விளைவது. கடலையை நன்றாகக் காயவைத்து, உடைந்ததையும் பூஞ்சணம் பிடித்ததையும் பொறுக்கிவிட்டுத்தான் செக்குக்கு அனுப்ப வேண்டும். மாட்டுக்கும் அதைப் போடக் கூடாது, பால் வழியாகத் திரும்பி வரும். பாக்கும் வகை 1, புகையிலை சேர்க்காமல் போட்டாலும் சேர்த்துப் போட்டாலும். விறகடுப்புப் புகை 2ஏ. நஞ்சில்லா உணவு விற்கிற நாம், வாயில் பாக்கை அடக்கிக்கொண்டு களைக்கொல்லியைத் திட்டினால் கேட்கிறவர் சிரிப்பார்.

முழுசாத் தெரியும் வரைக்கும்?

பெர்சிவல் பாட் எழுதியது 1775-இல். புகைக்கரியிலும் தாரிலும் இருக்கிற எந்தப் பொருள் புற்று தருகிறது என்று பிரித்து எடுத்தது 1930-களில். நூற்றைம்பது வருஷத்துக்கு மேல். அதுவரை பையன்களைப் புகைக்கூண்டுக்குள் விடலாம் என்று எவரும் நியாயம் சொல்ல முடியுமா?

பி.ஹெச்.சி.யை நம் நாட்டில் 1997-இல் தடை செய்தார்கள். லிண்டேன் பயன்பாடு 2013-இல் நின்றது. ‘உறுதி’ என்ற தீர்ப்பு 2015-இல் வந்தது. தூவினவர்களுக்கு அந்தத் தீர்ப்பால் என்ன பிரயோஜனம்? ஒவ்வொரு நஞ்சும் சந்தேகத்தில் இருக்கிற வருஷங்களில் அதன் செலவை யார் ஏற்பது என்பதுதான் கேள்வி. விற்றவர் லாபத்தோடு போய்விடுகிறார். அடித்தவர் உடம்பில் கணக்கு எழுதப்படுகிறது. அதனால்தான் நான் களைக்கொல்லியை வேண்டாம் என்கிறேன். ‘அடித்தால் கேன்சர் வரும்’ என்பது உறுதி இல்லை. சந்தேகம் வலுவாக இருக்கிறது, மாற்று வழி கையில் இருக்கிறது, இது போதும். மூடாக்கு போடலாம், பலதானியம் விதைத்து மடக்கி உழலாம், நெல்லில் கோனோவீடர் ஓட்டலாம். கூலி கூடும், ஒப்புக்கொள்கிறேன். அந்தக் கூலி நம் ஊர்க்காரர் கைக்குத்தான் போகிறது.

2022 அக்டோபரில் ஒன்றிய அரசு, பூச்சிக் கட்டுப்பாட்டுத் தொழில் உரிமம் பெற்றவர் மூலமாக மட்டுமே கிளைபோசேட் அடிக்க வேண்டும் என்று அறிவிக்கை வெளியிட்டது. இதை உங்கள் ஊர் மருந்துக்கடையில் கேட்டுப் பாருங்கள்.

இன்னும் அடித்துக்கொண்டிருப்பவர்களை நாம் வெறுத்துப் பேச வேண்டாம். பெரும்பாலும் அவர்கள் கூலிக்கு அடிப்பவர்கள். அவர்களிடம் சொல்ல வேண்டியது இது: ஒழுகுகிற தெளிப்பானைத் தொடாதீர்கள். கையால் கலக்காதீர்கள், குச்சியால் கலக்குங்கள். ரப்பர் கையுறை, முழுக்கைச் சட்டை, காலுக்கு பூட்ஸ். காற்றுக்கு எதிராக நிற்காதீர்கள். வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் குளித்துவிட்டுத்தான் குழந்தையைத் தூக்க வேண்டும். அந்தத் துணியைத் தனியாகத் துவையுங்கள். காலி டப்பாவில் தண்ணீரோ எண்ணெயோ ஊற்றி வைக்காதீர்கள். எந்த நாளில் எந்த மருந்தை எவ்வளவு அடித்தோம் என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். பின்னால் ஒரு மருத்துவர் கேட்டால் பதில் சொல்ல அது ஒன்றுதான் இருக்கும்.

சித்தப்பாவிடம் போன மாசிக் கடைசியில் போய்ச் சொன்னேன். “உங்களுக்கு எதனால வந்துச்சுன்னு யாராலயும் அடிச்சுச் சொல்ல முடியாதுங்க சித்தப்பா. ஆயிரம் பேரைப் பார்த்தா எத்தனை பேருக்குக் கூடுதலா வந்துச்சுன்னு கணக்குச் சொல்லலாம். அதுல ஒருத்தரைக் காட்டி, இவருக்கு இதனாலதான்னு சொல்ல வழி இல்லீங்க. ஆனா அந்த வெள்ளைத் தூள் மேல சந்தேகம் ரொம்ப உண்டு. களை மருந்து மேலயும் உண்டு.”

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். “அப்ப எம்பட தப்பு இல்லைங்கற?” என்றார்.

“இல்லவே இல்லீங்க. உங்களுக்கு யாரும் சொல்லலை.”

அவர் மகன் இன்னும் தோப்புக்குக் களைக்கொல்லி அடித்துக்கொண்டுதான் இருந்தான். அவனைக் கூப்பிட்டு, “இந்த வருஷம் அண்ணன் சொல்றாப்பல மட்டையைப் போட்டு மூடி வெச்சுப் பாரு. டேங்கைத் தொடாத” என்றார். ஒரு ஏக்கர் மட்டும் முதலில் செய்கிறேன் என்று ஒப்புக்கொண்டிருக்கிறான். சித்தப்பாவுக்கு இன்னும் ரெண்டு ஊசி பாக்கி. கட்டி கரைந்துகொண்டு வருகிறது என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார்.